சத்தமாகக் கதைப்பீங்களா என்று டொக்டர் கேட்டார்

என்னிடமிருந்து முதலில் போனது ஒரே ஒரு எழுத்து: ஹா. (தொண்டையின் நடுப்பகுதியை நெருக்கி, மூச்சை உரசி எடுக்கும் அரபு எழுத்து. நாம் சிரிக்கும்போது வரும் ‘ஹ’ அல்ல, அதைவிட ஆழமானது.)

நான் சாய்ந்தமருதில் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். சின்னப் பிள்ளைகளுக்கு அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சோற்றை இறக்கிவிட்டு, அரக்கப்பரக்க ஓடிவரும் உம்மாமாருக்கு. காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு முன் ஹோலில் பாய் விரிப்பேன். முப்பது பேர் வருவார்கள். பிழையாகப் பழகிய நாக்கை நாற்பது வயதில் திருத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூறாவின் முதல் சொல்லிலேயே ஹா இருக்கிறது. ஐந்து நேரத் தொழுகையில் அந்தச் சூறாவைப் பதினேழு தடவை ஓதுகிறோம். பிழையாக ஓதினால் பதினேழு தடவையும் பிழைதானே? அதனால் நான் விடமாட்டேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று நூர்ஜஹானுக்கு ஹா வரவில்லை. நூர்ஜஹான் தையல்காரி, ஐந்து வருடமாக என் வகுப்பில் முன் பாயில் இருப்பவள்.

“வாயால ஊதாதகா. தொண்டையால எடு. இந்தா, இப்பிடி” என்று சொல்லிக்காட்டினேன். (‘கா’: பெண்களை உரிமையோடு அழைக்கும் எங்கள் ஊர்ச் சொல்.) என்னிடமிருந்து சைக்கிள் டியூப் கசிவது போல ஒரு சீறல் வந்தது. அதன் பின்னால் ஒரு கரகரப்பு. ஹா வரவில்லை.

“மவுலவியாக்கும் வரல்ல!” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, முப்பது பேரும் சிரித்தார்கள். (மவுலவியா: மார்க்கம் கற்றுக்கொடுக்கும் பெண். என்னைத்தான்.) நானும் சிரித்தேன். தடிமன், வெறும் சளிதான் என்றேன்.

தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லியும் ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் இதை வாசிக்கக்கூடும். அவருக்காகத்தான் எழுதுகிறேன். உங்களை அனுப்பியவர்கள் மீது பிழை சொல்ல வரவில்லை. அந்தப் பிழையில் ஒரு பங்கை நாமே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். என் விஷயத்தில் பாதிக்கு மேல்.

தடிமன் மூன்று மாதம் இருக்குமா? இருந்தது. கருஞ்சீரகம், தேன், இஞ்சி போட்ட பிளேன்டீ, கொத்தமல்லிக் குடிநீர், எல்லாம் குடித்துப் பார்த்தேன். காலையில் எழும்பினால் குரல் நன்றாக இருக்கும். வகுப்பு முடியும்போது பாதி போயிருக்கும். விழுங்கும்போது வலப்பக்கத்தில் ஒரு உருண்டை தட்டுப்படும். விரலால் கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். வெளியே ஒன்றும் இராது. உலையைப் பார்க்கும்போதும் தடவுவேன், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தடவுவேன்.

“கைய எடுகா. புண்ணாகப் போகுது” என்பார் என் கணவர். சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிற மனுஷன். அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமான கதையையும் நானே கதைத்துக்கொள்வேன்.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. குரல் இல்லாவிட்டால் நான் யார்? சமையலில் கெட்டிக்காரி இல்லை. தையல் தெரியாது. பிள்ளைகளும் கலியாணம் முடித்துத் தூரமாகப் போய்விட்டார்கள். என்னை நாலு பேர் தேடி வருவது இந்தத் தொண்டைக்காக. அதுவும் போய்விட்டால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நான் என்ன செய்வது?

இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த வயிற்றெரிவுக் குளிசைகள் கேட்கவில்லை. மலைநாட்டுப் பக்கம் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாய் ஒன்றை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். எல்லோரும் இரண்டு நிமிடத்தில் எழும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு கணவரோடு கொரிடோரில் இருந்தேன். என் முறை வந்தது. குழாய் உள்ளே போனதும் குமட்டிக்கொண்டு வந்தது. டொக்டரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டேன். அவர் விடச் சொன்னார். நான் விடவில்லை. மூன்று தடவை முயற்சி செய்து, மூச்சை மெல்ல விடும்போது தெரிந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு குழாயை எடுத்துவிட்டார்.

“குரல்நாண் நல்லாத்தான் அசையுது” என்றார். (குரல்நாண்: குரல்வளைக்குள் திறந்து மூடி ஒலியை உண்டாக்கும் இரண்டு மடிப்புகள்.) பிறகு கொப்பியைத் திறந்து கேள்விகள் கேட்டார். புளிச்ச ஏப்பம் வருமா? மெலிஞ்சிட்டீங்களா? கடைசியாக, “சத்தமாக் கதைப்பீங்களா?”

“இல்ல டொக்டர்” என்றேன்.

என் கணவர் நிமிர்ந்து மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஊரில் என்னை மவுலவியா என்று கூப்பிடுகிறார்கள். கறுப்பு அபாயாவும் கையில் தஸ்பீஹ் மணியுமாக டொக்டருக்கு முன்னால் இருக்கிறேன். முப்பது பேருக்கு மேலால் கத்துவேன், கோழிக்குக் கத்துவேன், கிணற்றடியில் நிற்கும் மனுஷனைக் குசினியிலிருந்து கத்திக் கூப்பிடுவேன் என்று எப்படிச் சொல்வது? ஓதிக்கொடுக்கிற பொம்பிளைக்கு அது அழகா? இந்த நோய்க்கு அது ஒரு முக்கியமான தகவல் என்பதே எனக்கு உறைக்கவில்லை. மரியாதையைக் காப்பாற்றினேன்.

டொக்டர் என்னை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். (காந்தத்தைக் கொண்டு உடம்பின் உள்பக்கத்தைப் படமெடுக்கும் முறை, குழாய் விடத் தேவையில்லை.) வழக்கமான எம்.ஆர்.ஐ. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் எடுக்கும். இடையில் ஒரு தடவை எச்சில் விழுங்கினாலும் தொண்டைப் படம் கலங்கிவிடும். ஆனால் அங்கே ஒரு சிறு குழு வேகமான எம்.ஆர்.ஐ.யைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு செக்கனுக்குள் பல படங்கள் எடுத்து, வாய் கதைப்பதையும் தொண்டை விழுங்குவதையும் படம் ஓடுவது போலக் காட்டும் முறை. அதில் என்னையும் சேர்த்தார்கள்.

அந்த இயந்திரத்தை இயக்கியவர் சிவதர்ஷினி. ஊர் தம்பிலுவில் என்றதும் எனக்கு உயிர் வந்தது. மலையில் எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்பது என்றால் சும்மாவா!

“டீச்சர், பர்தா ஊசியெல்லாம் கழட்டோணும். காந்தம் இழுத்திடும்” என்றார். ஏழு ஊசி எடுத்துக் கொடுத்தேன். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஊசி இல்லாமல் சுற்றிக்கொள்ள ஒரு பருத்தித் துணி தந்தார். எனக்கு அத்துடன் முடியவில்லை. கால் கிப்லாப் பக்கம் இருக்குமோ என்று கேட்டேன். (கிப்லா: தொழும் திசை.) பாவம், அந்தப் பிள்ளை என் ஃபோனை வாங்கித் திசை பார்த்தது. காந்தத்தின் பக்கத்தில் அது விசர் பிடித்தது போலச் சுற்றியது. பிறகு வெளியே போய், வெயிலைப் பார்த்து, “இல்ல டீச்சர், கால் வடக்கால” என்று வந்து சொன்னது.

தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒழு எடுத்துவிட்டுப் படுத்தேன். தலைக்கு மேல் ஒரு கூடு மாதிரி மாட்டினார்கள். குழிக்குள் போனதும் எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. தட்டுகிற சத்தம், பிறகு உறுமுகிற சத்தம். காதில் மாட்டியதற்குள்ளால் சிவதர்ஷினியின் குரல் வந்தது.

“வீட்ட கதைக்கிற மாதிரியே கதையுங்கோ டீச்சர்.”

நான் வீட்டில் கதைக்கிற மாதிரியா கதைத்தேன்? இந்தப் படத்தை டொக்டர்மார் பார்ப்பார்கள், மாணவர்கள் பார்ப்பார்கள். ஒரு மவுலவியாவின் வாய் எப்படி இருக்க வேண்டும்! தந்த சொற்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, நாக்கை அந்தந்த இடத்தில் வைத்து வாசித்தேன். பிறகு தொண்டை எழுத்துகளைப் பஞ்சு போல, மூச்சை அளந்து அளந்து சொன்னேன். ஹாவும் வந்தது, மாஷா அல்லாஹ். நான் நோயாளியாகப் போகவில்லை, பரீட்சைக்குப் போயிருந்தேன். புள்ளியும் எடுத்துவிட்டேன்.

படம் பளிச்சென்று இருந்தது. வலப்பக்கம், குரல்நாணுக்குச் சற்று மேலே மட்டும் ஒரு கறுத்த கலங்கல்.

“இது என்ன மகள்?”

“அதுதான் எங்கட கரைச்சல் டீச்சர்” என்றார் சிவதர்ஷினி. “காத்தும் சதையும் காந்தத்துக்கு ஒரே மாதிரி இல்ல. ரெண்டும் சேருற ஓரத்தில வேகப் படம் கலங்கும். நோயா, படத்தின்ட பிழையா எண்டு அந்த இடத்தில சொல்ல ஏலா. அதத்தான் திருத்திட்டு இருக்கம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “வீட்டயும் இப்பிடித்தானா கதைப்பீங்க?”

“ஓம் மகள்” என்றேன். இரண்டாவது பொய்.

டொக்டர் அந்தக் கலங்கலைப் படத்தின் பிழை என்றே எடுத்துக்கொண்டார். எடுக்காமல் என்ன செய்வார்? அமைதியான பொம்பிளை, அழகாகக் கதைக்கிறாள், மற்றதெல்லாம் சரி. குரல் பயிற்சி எழுதித் தந்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் கல்முனை பஸ்ஸில் வழிநெடுகக் கதைத்துக்கொண்டு வந்தேன். மஹியங்கனை வரும்போது குரல் இல்லை.

அந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவேன். தொழுகையில் ஹா வரும்போது அடி விழப்போவது போல உடம்பு இறுகும். ஓதிவிட்டு, சரியாக வந்ததோ என்று சந்தேகப்பட்டுத் திரும்ப ஓதுவேன். ஒரே தடவையில் ஓதி முடிக்கும் பாக்கியசாலிகள் மேல் பொறாமை வந்தது. வகுப்பிலோ, குரல் குறையக் குறைய நான் சத்தத்தைக் கூட்டினேன். அப்படித்தானே செய்வோம்? கேட்காவிட்டால் இன்னும் பலமாகச் சொல்வோம்.

ஒரு நாள் பின்னேரம் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது. மோட்டரைப் போட்டுவிட்டு மனுஷன் கேற்றடியில் யாரோடோ வயல் கதை கதைத்துக்கொண்டு நிற்கிறார். “மோட்டர நிப்பாட்டுங்க!” என்று ஒரு சத்தம் போட்டேன். சத்தம் போனது. அதன் பிறகு மூச்சு உள்ளே வரவில்லை. வாசலை யாரோ உள்ளுக்குள்ளிருந்து சாத்தியது போல இருந்தது. இழுக்கிறேன், ஒரு சீழ்க்கை மட்டும் வருகிறது. தாங்கியடியில் ஈர மண்ணில் இருந்துவிட்டேன். அவர் ஓடிவந்து என் முதுகைத் தடவிக்கொண்டு “கலிமா சொல்லுகா, கலிமா சொல்லு” என்றார். உயிர் பிரியும் நேரத்தில் சொல்வது கலிமா; அவர் என்ன நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு தானாகத் திறந்தது. தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு கிழமை, ஏழே நாள், லீவு என்று சொல்லிவிடும்படி அவரிடம் சொன்னேன். கிளினிக் திகதிக்குக் காத்திராமல் மலைக்குப் போனோம்.

இம்முறை சிவதர்ஷினி சந்தோஷமாக இருந்தார். அவர்களுடைய முறை திருந்தியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நீளமாகத் தகவல் சேர்ப்பதை விட்டு, சின்னச் சின்னத் துண்டாகச் சேர்க்கிறார்களாம். காற்றும் சதையும் சேரும் ஓரத்தில் காந்தம் எவ்வளவு விலகுகிறது என்று தனியாக அளந்து, அந்தப் பிழையைக் கணினியில் கழித்துவிடுகிறார்களாம். கலியாண வீட்டில் ஆடுகிற பிள்ளையை ஃபோட்டோ பிடித்தால் முகம் இழுபடும் அல்லவா, அந்த இழுபடலைக் குறைப்பதுதான் வேலை என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

“ஆனா டீச்சர், மெஷின் திருந்தினா மட்டும் காணாது. நீங்க எப்பிடிக் கதைச்சா மூச்சு அடைக்குதோ, அப்பிடிக் கதைக்கோணும். எப்பிடிக் கதைச்சீங்க?”

நான் பர்தா ஊசிகளைக் கழட்டி எண்ணத் தொடங்கினேன். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

“இவ சத்தம் போடுவா மகள்” என்றார். “நல்லாப் போடுவா. தெரு முனையில கேக்கும்.”

முப்பது வருடத்தில் அந்நிய ஆட்களுக்கு முன்னால் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் குற்றம் அது. எனக்கு முகமெல்லாம் சுட்டது. சிவதர்ஷினி சிரித்துவிட்டு, “அதத்தானே டீச்சர் நான் அண்டைக்குக் கேட்டன்!” என்றார்.

உள்ளே போய்ப் படுத்ததும் சத்தம் போடச் சொன்னார்கள். வரவில்லை. சத்தம் போடு என்றால் சத்தம் வருமா? கோபம் அல்லவா வர வேண்டும்! மல்லாந்து கிடந்து, தலையில் கூட்டை மாட்டிக்கொண்டு, “ஆ, ஆ” என்று ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதுக்குள் ஒரு கரகரப்பு. என் கணவரின் குரல். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

“இஞ்ச பாருகா. ஒண்டு சொல்லணும். வூட்ட வெச்சிச் சொல்லப் பயம். இப்ப உனக்கு எழும்பி வர ஏலாதானே, அதான் சொல்றன்.”

“என்ன?”

“உன்ட வகுப்ப நிப்பாட்டிட்டன். ஒரு கிழமைக்கில்ல, ஒரேயடியா. பொம்புளையள் இப்ப நூர்ஜஹான்ட வூட்டதான் ஓதுறாங்க.”

அதன் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. இயந்திரம் உறுமியது, நான் அதைவிட உறுமினேன். எவ்வளவு கோபம் வந்தாலும் புருஷனை ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். ‘நீங்க ஒரு எரும மாடு’ என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மூச்சு சீறி அடைக்கத் தொடங்கியதும் கத்தல் ஓய்ந்தது, சிவதர்ஷினி என்னை வெளியே எடுத்துவிட்டார். எல்லாம் பதினெட்டு செக்கன்.

டொக்டர் அந்தப் படத்தை எங்களுக்கு ஓட்டிக்காட்டினார். என் தலை நீளவாக்கில் பிளந்து கிடக்கிறது. நாக்கு இவ்வளவு பெரிய மிருகம் என்று எனக்குத் தெரியாது. சத்தம் கூடக் கூட, வலப்பக்கம், முன்பு கலங்கலாக இருந்த அதே இடத்தில் ஒரு கறுப்புப் பை. கரைவலையில் அகப்பட்ட பேத்தை மீன் ஊதுவது போல ஊதுகிறது. ஊதி, மூச்சுப் பாதையை ஓரமாக நெருக்குகிறது. கோபம் இறங்க, அதுவும் சுருங்கி இல்லாமல் போகிறது. ஓரம் இப்போது கீறினது போலத் தெளிவாக இருந்தது. பிழை படத்தில் இல்லை.

லரிங்கோசீல் என்றார். (குரல்வளைச் சுவரிலிருந்து புடைக்கும் காற்றுப் பை, பலமாக ஊதுபவர்களுக்கும் சத்தமாகக் குரல் கொடுப்பவர்களுக்கும் அரிதாக வரும்.) அமைதியாக மூச்சு விடும்போது சுருங்கிக் கிடப்பதால் கமராவுக்கும் தப்பிவிட்டது. பையின் வாயில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கட்டி என்றால் எந்த நோய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அண்டைக்கு நான் கேட்டனே” என்றார், கொப்பியைப் புரட்டியபடி. குறை சொல்கிற குரல் இல்லை. என் பதில் அவருடைய கையெழுத்தில் அங்கே இருந்தது: சத்தமாகக் கதைப்பதில்லை.

வாய் வழியாக லேசர் கொண்டு பையை எடுத்தார்கள். (லேசர்: சதையை வெட்டக்கூடிய ஒளிக்கற்றை.) குரல் திரும்ப வருமா என்று கேட்டேன். “குரல் வரும். பழைய குரல் வருமா எண்டு சொல்ல ஏலாது” என்றார் டொக்டர். பிறகு இரண்டு கிழமை மௌனம். குசுகுசுப்பும் கூடாது. அது குரல்நாணை இன்னும் வருத்துமாம்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு கிழமையைப் பற்றி விளக்கம் தேவையில்லை. கொப்பியும் பேனையும் தந்தார்கள். கோபத்தில் எழுதினால் தாள் கிழிந்தது. எழுதி நீட்டினால் மனுஷன் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி சட்டைப் பைக்குள்தான் இருக்கும். அவர் கண்டெடுத்துப் போட்டு வாசிப்பதற்குள் கோபத்தின் சூடு ஆறிவிடும். வேண்டுமென்றுதான் செய்தார், எனக்குத் தெரியாதா!

தொழுகைதான் கஷ்டம். நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவான எங்கள் மத்ஹபில் ஓதுவது தன் காதுக்காவது கேட்க வேண்டும். ஏலாதவருக்கு விலக்கு உண்டு என்று எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த விலக்கு எனக்கே வந்தபோது அழுகை வந்தது. உதடு அசைகிறது, நாக்கு அசைகிறது, சத்தமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கின் வேர் எங்கே பின்வாங்குகிறது, தொண்டை எங்கே நெருங்குகிறது என்று உள்ளே தெரியத் தொடங்கியிருந்தது. இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடங்கள். நான் அங்கே போய்ப் பார்த்ததே இல்லை.

சதைத்துண்டு சுத்தம் என்று ரிப்போட் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். பதினைந்தாம் நாள் அந்தச் சொல்லைத்தான் முதலில் சொன்னேன். ஹா வந்தது. மெலிந்து, கொஞ்சம் பிந்தி, ஆனாலும் வந்தது. குரல் மட்டும் என்னுடையது இல்லை. பாதிக் கனத்தில், அடுத்த அறைக்கு எட்டாத ஒரு குரல். இன்று வரை அது அப்படியேதான்.

வகுப்புக்கும் போனேன், நூர்ஜஹானின் வீட்டுக்கு. தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். நான் இல்லாமல் முப்பது பேர் முப்பத்தாறு ஆகியிருந்தார்கள். வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க? இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, “தாத்தா, ஐன் எழுத்து நான் சொன்னா ஒருத்திக்கும் விளங்குதில்ல. வந்து காட்டுங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். (தாத்தா: எங்கள் ஊரில் அக்கா. ஐன்: ஹாவைப் போலத் தொண்டை நடுவிலிருந்து வரும் எழுத்து.) இப்போது அவள் சத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் பாய்க்குப் பாய் போய், பக்கத்தில் இருந்து, ஒவ்வொருத்தியின் காதுக்குள் திருத்துகிறேன். வேலை மெதுவாக நடக்கிறது. சில நாள் எனக்கு அந்த மெதுவைத் தாங்க ஏலாமல் எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வருவேன்.

போன மாதம் கிளினிக்குக்குப் போனபோது சிவதர்ஷினி அந்தப் பதினெட்டு செக்கனை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தார். அந்த இயந்திரம் குரலைப் பதிவதில்லை, அதனால் படத்துக்குச் சத்தம் இல்லை. அஸர் தொழுதுவிட்டு மகளின் பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கணவரும் வந்து பக்கத்தில் இருந்தார். சத்தமில்லாமல் என் வாய் திறக்கிறது, மூடுகிறது.

“இது ‘ஆரக் கேட்டு?’” என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ‘மூள இரிக்கா உங்களுக்கு?’ இது எரும மாடு. இந்தா, பை ஊதுது பாரு, இது திரும்பவும் எரும மாடு.” 

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறார் மனுஷன். “இது ‘நூர்ஜஹானுக்கு ஹாவே வராது’” என்றார் தொடர்ந்து.

பிறகு பை சுருங்கத் தொடங்கியது. நாக்கு களைத்துப் போய் மெதுவாக அசைந்தது. உதடு இரண்டு தரம் மூடித் திறந்தது. படம் முடிந்தது.

“கடைசியா நான் என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“‘எனக்குப் பயமாரிக்கி’ எண்டு சொன்ன” என்றார்.

“நான் சொல்லல்ல.”

“சொன்னகா.”

திரும்ப ஓட்டினேன். எனக்கு இது தொழில் அல்லவா? ப-வுக்கு உதடு மூடும், ம-வுக்கு உதடு மூடும். இரண்டு தரம். சொல்லியிருக்கிறேன். எத்தனையோ மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்ததை, கத்தி முடித்த களைப்பில் சொல்லியிருக்கிறேன். வெளியே ஸ்பீக்கரில் அவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, அதன் பிறகு இன்று வரை அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“அப்ப நீங்க ஒண்டும் சொல்லல்லியா?”

“சொன்னன். அந்தப் புள்ள பட்டன அமத்திட்டுக் கதைக்கச் சொன்னது. அந்த நேரம் அமத்த மறந்திட்டன்.”

எனக்குக் காலக்கணக்கு இப்போது குழம்பிப் போயிருக்கிறது. ஒரு எழுத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று படத்தில் கண்டேன். நாக்கு போவதும், நிற்பதும், திரும்புவதும். அவர் சொன்ன ஒரு சொல்லோ ஸ்கேன் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்து சேர ஐந்து மாதம் எடுத்திருக்கிறது.

“என்ன சொன்னீங்க?” என்றேன். என் புதுக்குரல் அவருக்கு எட்டவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். திரும்பக் கேட்டேன்.

“‘நான் இஞ்சதான் இரிக்கன்கா’ எண்டு சொன்னன்.”

இந்த முறை பட்டன் எதுவும் இல்லை. கேட்டது.